மொய் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு

திருவனந்தபுரத்தின் கரமனை, வலியசாலைப் பகுதிகளில் பழைய வீடு ஒன்றுக்குள் நுழைந்தால், கூடத்துச் சுவரில் பெரும்பாலும் ஒரு கல்யாணப் படம் தொங்கும். நடுவில் மணமக்கள், இரு பக்கமும் நாற்காலிகளில் பெரியவர்கள், பின்வரிசையில் நிற்கிறவர்கள், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்த குழந்தைகள். மணமக்கள் யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, தோளில் துண்டோடு நிற்கிறவர் யார் என்று கேட்டால்தான் தடுமாற்றம். "பாட்டிக்குத் தெரியும். பாட்டி போய்ப் பத்து வருஷமாச்சே!"

தோளில் துண்டோடு நிற்கிறவர் அநேகமாகச் சமையல் சாமான் அறையான கலவறையின் பொறுப்பைப் பார்த்தவர். துண்டைக் கழற்றி வைக்கவும் நேரமில்லாமல் படத்துக்கு ஓடிவந்திருப்பார். கல்யாணம் நடந்ததே அவரைப் போன்றவர்களால். படம் நன்றாக இருக்கிறது, சட்டம் நன்றாக இருக்கிறது, பெயர் மட்டும் போய்விட்டது.

கல்யாண நினைவுகளைப் பாதுகாப்பதை ஒரு வேலையாகவும், உதவியவர்களுக்கு நன்றி சொல்வதை வேறொரு வேலையாகவும் பிரித்துப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முதலாவது ஸ்டுடியோக்காரரின் பொறுப்பு, இரண்டாவது தாம்பூலப் பையின் பொறுப்பு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் இரண்டுமே நன்றாக நடக்கும் என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது. யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்தால் அது நினைவு. எழுதியதை அவரவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது நன்றி.

திருவனந்தபுரம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே மாறியது. திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைவீதியை உருவாக்கினார். அந்தணர், வெள்ளாளர், செட்டியார், நெசவாளர் என்று தமிழ் பேசும் பலர் இங்கே வேர்பிடித்தார்கள். அந்தக் கலப்பு இன்றைய கல்யாணத்திலும் தெரிகிறது: பட்டு காஞ்சிபுரத்திலிருந்து, கசவு வேட்டி பாலராமபுரத்திலிருந்து, பூ தோவாளையிலிருந்து, இலையின் முடிவில் போளியும் பாயசமும். ஆனால் பேரக் குழந்தைகளில் பலர் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். வீட்டில் பேசுகிற தமிழை அவர்களால் படிக்க முடிவதில்லை. தமிழில் மட்டும் எழுதி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் கோடுகளாகிவிடலாம். ஆகவே இந்த ஊரில் எதை எழுதி வைத்தாலும் தமிழிலும் மலையாளத்திலுமாக எழுதி வைப்பது நல்லது.

நன்றி நோட்டு

எழுதி வைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில், 2022-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நிலம், வரி, கோயில் கணக்கு எல்லாம் ஓலையில் கீறி, சுருணை சுருணையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். யார், எப்போது, எவ்வளவு என்ற விவரம் தலைமுறை தாண்டி நிற்பது எழுத்தில் ஏறியதால்தான்.

கல்யாண வீட்டிலும் அப்படி ஓர் ஏடு உண்டு, அதுதான் மொய் நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவிய நாலு மூலை, அதன்பின் ஊர், பெயர், தொகை. எந்த ஊர் எந்தத் தெருக்காரர் என்பது வரை மொய் நோட்டு சொல்லும். மலபாரில் இதற்கு இணையாகப் பணப்பயற்று என்ற வழக்கம் இருக்கிறது. அந்தணர் வீடுகளில் ஆசீர்வாதத்தின்போது, கொடுப்பவரின் பெயரைச் சாஸ்திரிகள் சபையறியச் சொல்வார். நகரத்தார் வீட்டுத் திருமணங்களில் இசைகுடிமானம் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திடுகிறார்கள். திருமணத்துக்கு அது எழுத்துச் சான்று.

ஆனால் மொய் நோட்டு பணத்தை மட்டுமே குறிக்கிறது. விடிகாலை நாலு மணிக்கு மண்டபத்துக் கதவைத் திறந்துவிட்டவரின் பெயர் அதில் வராது. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் முன்பு அறுந்த ரவிக்கைக் கொக்கியைத் தைத்துக் கொடுத்த சித்தியின் பெயரும் வராது. அதற்காகத்தான் இன்னொரு நோட்டு.

கெட்டி அட்டை போட்ட, கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு போதும். பக்கத்தை ஆறு கட்டமாகப் பிரித்துக் கொள்ளலாம்: பெயர், உறவு அல்லது தொழில், ஊரும் தொலைபேசி எண்ணும், செய்த காரியம், நன்றியாகக் கொடுத்தது, கொடுத்த தேதி. ஐந்தாவதும் ஆறாவதும் கல்யாணத்துக்குப் பிறகு நிரம்ப வேண்டிய கட்டங்கள். அவை காலியாக இருக்கும்வரை வேலை பாக்கி என்று நோட்டே நினைவூட்டும்.

நோட்டை எழுதுகிறவர் மணமக்களாகவோ பெற்றோராகவோ இருக்கக் கூடாது, அவர்களுக்கு அன்று நேரமே இருக்காது. எல்லோரையும் அடையாளம் தெரிந்த ஓர் அத்தையும், ஓடியாடி விசாரிக்கிற கல்லூரி வயதுப் பிள்ளை ஒருவரும் சேர்ந்தால் அருமையான ஜோடி. பந்தக்கால் நட்ட அன்றே நோட்டைத் தொடங்கிவிட வேண்டும். பாலிகை தெளிக்க வந்த பெண்களில் யார் யார், ஊஞ்சலில் பாடியது யார், காசியாத்திரைக்குக் குடை பிடித்தது யார், நாத்தனார் முடிச்சுப் போட்டது யார் என்று சடங்கு வரிசைப்படி எழுதிக்கொண்டே போனால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். "பந்தியில் உதவி" என்று மொட்டையாக எழுதுவதைவிட, "மூன்றாம் பந்தியில் இலை போதாமல் போனபோது கடைவீதிக்கு ஓடி வாங்கி வந்தார்" என்று எழுதினால், பின்னால் நன்றிக் கடிதம் தானாக வந்து விழும்.

படங்கள்: எடுப்பதைவிட வைத்துக்கொள்வது பெரிய வேலை

இன்றைய கல்யாணத்தில் படத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்டுடியோக்காரர் தருவது சில ஆயிரம், உறவினர் கைப்பேசிகளில் இன்னும் சில ஆயிரம். சிக்கல் அதன் பிறகுதான்.

முதலில் உரிமை. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் படச்சுருளுக்கும் அவரே முதல் உரிமையாளர். வேறு ஒப்பந்தம் இருந்தால் கதை மாறும். ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தைப் படித்துவிட வேண்டும். தேர்ந்தெடுத்த படங்கள் மட்டுமல்லாமல் எல்லாப் படங்களின் மூலக் கோப்புகளும் கிடைக்குமா, எத்தனை நாளில், ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்குப் படங்களைப் பயன்படுத்தலாமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். இடம் போதாமல் பழைய கோப்புகளை அழித்துவிடும் ஸ்டுடியோக்கள் உண்டு. மூன்று மாதத்துக்குள் வன்தட்டைக் கையில் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். நேரலையாக ஒளிபரப்பிய கல்யாணமென்றால், இணைப்பை மட்டும் நம்பாமல் காணொளியைத் தரவிறக்கி வைக்க வேண்டும்.

அடுத்தது நகல். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. திருவனந்தபுரத்துக் குடும்பத்துக்கு இதைச் சொல்வதானால்: ஒரு நகல் மடிக்கணினியில், ஒன்று வன்தட்டில், ஒன்று நாகர்கோவிலிலோ சென்னையிலோ உள்ள தம்பி வீட்டு வன்தட்டில் அல்லது இணையச் சேமிப்பில். கூகுள் போட்டோஸின் அளவற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஒரு கல்யாணத்துக்குக் காணாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்கள் சுருங்கிவிடுவதால், உறவினர்களிடமிருந்து வாங்கும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதும் முக்கியமானதும் பெயர். மூவாயிரம் படத்துக்கும் யாராலும் பெயர் எழுத முடியாது. நூறு படத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நூறுக்கு மட்டும் ஒழுங்காக எழுதினால் போதும். தேர்வுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: நன்றி நோட்டில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் இந்த நூறில் ஒரு தடவையாவது வந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் மணமக்களின் நாற்பது ஒரே மாதிரிப் படங்கள் குறைந்து, பரிமாறுகிறவரும் மேளக்காரரும் பூ கட்டுகிறவரும் உள்ளே வருவார்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்புறத்தில், ஓரமாக, மென்மையான 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பந்துமுனைப் பேனா ஆகாது, முன்பக்கத்தில் தடம் விழும். இன்றைய வண்ணப் படங்களின் பின்புறம் பிளாஸ்டிக் பூச்சு என்பதால் பென்சில் பிடிக்காது. தனித் தாளில் எழுதிப் படத்தோடு வைக்க வேண்டும். பசை தடவிய பக்கத்தில் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டும் பழைய வகை ஆல்பங்களில் உள்ள படங்களை, முடிந்தவரை சீக்கிரம் ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. நாளாக ஆக அந்தப் பசை படத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. 1980-களிலும் 90-களிலும் எடுத்த வீடியோ கேசட்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றுக்கும் இதே அவசரம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் இயந்திரத்தில் போட்டுப் பார்க்கவே கூடாது. சுத்தம் செய்து மாற்றித் தருகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

குரல்கள்

கல்யாணத்தில் படமாகாத ஒன்று இருக்கிறது: பெரியவர்களின் பேச்சு. நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் முழுதாகத் தெரிந்தவர்கள் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஓரிருவர்தான். கல்யாணக் காணொளியில் அவர்கள் பாடுவது கேட்கும், ஆனால் கூடவே நாலு பேர் பேச்சும், மிக்சி சத்தமும், பின்னணி இசையும் கேட்கும்.

2003-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு ஒலிப்பதிவு அறையோடு தொடங்கியது ஸ்டோரிகார்ப்ஸ். நெருக்கமான இரண்டு பேர் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேசுவார்கள், அது பதிவாகும். அவ்வளவுதான் அதன் முறை. இதைக் கல்யாணம் முடிந்த ஒரு மாதத்துக்குள் வீட்டிலேயே செய்யலாம். மணப்பெண் தன் பாட்டியிடம் போய் உட்கார்ந்து, "உங்க கல்யாணம் எத்தனை நாள் நடந்தது பாட்டி? யார் சமையல்? கூறைப்புடவை எங்கே எடுத்தது?" என்று தொடங்கினால் மீதியைப் பாட்டி பார்த்துக்கொள்வார். மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கைப்பேசியை மேசையில் ஒரு துண்டின் மேல் வைத்தால் பதிவு தெளிவாக வரும். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர்களின் பெயர் ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் சொல்லும்.

இப்படிப்பட்ட விவரங்களுக்கு எவ்வளவு ஆயுள் உண்டு என்பதற்குத் திருவனந்தபுரத்துக்காரரான நீல பத்மநாபனே சாட்சி. மின்வாரியத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர் அவர். 1968-இல் வெளிவந்த அவரது 'தலைமுறைகள்' நாவலில் இரணியல் செட்டியார் சமூகத்தின் சடங்குகளும் பேச்சும் பாட்டி சொன்ன கதைகளும் ஏறி நிற்கின்றன. குடும்பப் பதிவு நாவலாக வேண்டியதில்லை. பாட்டி சொன்ன வார்த்தை பாட்டியின் குரலிலேயே இருந்தால் போதும்.

பட்டும் மாலையும் காகிதமும்

திருவனந்தபுரத்தின் காற்று ஈரக்காற்று. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, போதாததற்குக் கடலின் உப்பு. வறண்ட ஊர்க்காரர்களுக்கு எழுதிய அறிவுரை இங்கே செல்லாது.

கூறைப்புடவையைக் கட்டி முடித்த கையோடு மடித்து வைக்கக் கூடாது. வியர்வை ஆறும்வரை நிழலில் விரித்துப் போட வேண்டும். பாயசக் கறையோ எண்ணெயோ பட்டிருந்தால் அந்த வாரமே உலர்சலவைக்குக் கொடுத்துவிட வேண்டும், நாளானால் கறை நூலில் ஊறிவிடும். பிறகு பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைக்கலாம். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதிலுள்ள கந்தகத்தால் சரிகையின் வெள்ளி கறுக்கும். பூச்சி உருண்டை புடவையைத் தொடக் கூடாது, அத்தரும் நேரடியாகப் படக் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு இடத்தில் மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே வெட்டுப்படும். அலமாரியை மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமலிருப்பதும் உதவும்.

புடவைகள் எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்றில்லை. முகூர்த்தப் பட்டைக் காப்பாற்றி, நிச்சயதார்த்தத்துக்கும் நலங்குக்கும் கட்டிய பருத்திப் புடவைகளைப் புழக்கத்தில் விடலாம். அம்மாவின் மெத்தென்ற பருத்திப் புடவையில் குழந்தைக்குத் தூளி கட்டுவது நம் வீடுகளின் பழக்கம். பாட்டியின் நைந்துபோன பட்டில் ஜரிகைக் கரை மட்டும் உறுதியாக இருந்தால், அதை வெட்டி எடுத்துப் படச்சட்டத்தின் உள்ளோரமாக வைக்கலாம்.

மாலைக்கு நேரம் குறைவு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் அரளி இதழ்களை மடித்து மணி மணியாகக் கட்டும் மாணிக்கமாலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அப்படிப்பட்ட மாலையும் மறுநாள் வாடிவிடும். அன்று இரவே ஒருவரைப் பொறுப்பாக நிறுத்தி, நல்ல நிலையில் உள்ள பத்துப் பூவை எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளுக்கு நடுவே ஒரு வாரம் புதைத்து வைத்தால் ரோஜாவும் சாமந்தியும் வடிவம் மாறாமல் உலரும். மல்லிகை பழுப்பாகும், அதைத் தடுக்க முடியாது. இதழ்களை உறிஞ்சுதாளுக்கு நடுவே, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து, தாளை அடிக்கடி மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் தட்டையாகக் காயும். மழைக்காலக் கல்யாணமென்றால் தாளை மாற்றுவதில் அலட்சியம் கூடாது, பூஞ்சை வந்துவிடும். மாலையை ரெசினில் பதித்துத் தருகிறவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பூவைத்தான் பதிக்க வேண்டும், முடிந்த பொருளை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் சில வருடங்களில் ரெசின் மஞ்சளாகும்.

காகிதங்களில் முதலில் கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவாத மூன்று பிரதிகளை அச்சகத்திலிருந்து வந்த அன்றே எடுத்துவைக்க வேண்டும். இரண்டாவது வாழ்த்துமடல். நண்பர்கள் சேர்ந்து எழுதி, அச்சிட்டு, கண்ணாடி போட்டு, மேடையில் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்துப்பா இன்று அருகிவருகிறது. கிடைத்தால் அது அந்தக் கல்யாணத்துக்கென்றே எழுதப்பட்ட ஒரே இலக்கியம். ஸ்கேன் எடுத்துவிட்டுச் சுவரில் மாட்டலாம்.

மூன்றாவது திருமணச் சான்றிதழ். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி எந்த மதத்தவர் திருமணமானாலும் பதிவு செய்ய வேண்டும். கல்யாணம் நடந்து 45 நாட்களுக்குள் உள்ளாட்சி அமைப்பின் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் மாநகராட்சிகளில் கே-ஸ்மார்ட் வழியாக இணையத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது. கடவுச்சீட்டிலிருந்து காப்பீடு வரை கேட்கும் இந்த ஒரு தாளைத்தான் பல வீடுகளில் கடைசியில் தேடுகிறார்கள்.

யாருக்கு நன்றி, எப்படி

மேல்நாட்டுக் கல்யாணத்தில் மணத்தோழிகளும் மணத்தோழர்களும் என்று ஒரு சிறு குழு உண்டு, அவர்களுக்கு நன்றி சொன்னால் முடிந்தது. தமிழ்க் கல்யாணத்தில் அந்தக் குழு மிகப் பெரியது. மாலை மாற்றும்போது தோளில் தூக்குகிற மாமா, முடிச்சுப் போடும் நாத்தனார், பொரி இடும் சகோதரன், சீர் சுமந்தவர்கள், தோழன், தோழி என்று ஒவ்வொரு உறவுக்கும் ஒரு காரியம். அவர்களுக்கு அடுத்து, கூலிக்கு வந்தாலும் கூலிக்கு மேல் உழைத்தவர்கள்.

உழைத்தவர்களிடமிருந்தே தொடங்கலாம். பேசிய பணத்தை அன்றே, முழுதாக, அவர் கேட்கும் முன் கொடுப்பதுதான் முதல் நன்றி. அதன் பிறகு பெயர். பழைய பத்திரிகைகளில் நாதஸ்வரக் கலைஞரின் பெயரை அச்சிடும் வழக்கம் இருந்தது. அதை மீட்டெடுத்து, பந்தி வாசலில் ஒரு பலகையில் சமையல், பரிமாறல், பூ, பந்தல், மேளம் என்று எழுதி, எதிரே அவரவர் பெயரை எழுதி வைக்கலாம். சாப்பிட்டு வருகிறவர்கள் "போளி யாருடைய கைப்பக்குவம்?" என்று பெயர் சொல்லி விசாரிப்பார்கள்.

பிறகு கடைசிப் பந்தி. சமையல்காரர்களும் பரிமாறியவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் உட்காரும்போது நாலு மணி ஆகியிருக்கும். வடையும் அவியலும் தீர்ந்திருக்கும். அவர்களுக்கென்று எல்லாப் பதார்த்தங்களையும் தனியே எடுத்துவைக்கச் சொல்லி, அந்தப் பந்திக்கு மணமக்களே பரிமாறினால், அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. மணமகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயச வாளியோடு குனிகிறான். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர் கூச்சத்தோடு இலைக்கு மேல் கையை நீட்டி, "போதும் தம்பி" என்கிறார். புகைப்படக்காரரை அதுவரை இருக்கச் சொல்லி, அந்தப் படத்தை அச்சிட்டு ஒரு மாதத்துக்குள் அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் பரிசு என்றால், இந்த ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. நகரத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் பாலராமபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஜா பாலராமவர்மா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர் நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்திய ஊர். அவர்களின் குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, பள்ளத்தில் தொங்கும் கால்களால் மிதிகட்டையை இயக்குவார். விடிகாலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவிவிடுவார்கள். அப்படி நெய்த துணியில் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று கண்டுபிடிப்பது கடினம், இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நாத்தனாருக்கும் மாமாவுக்கும் அங்கேயே போய் நேரியதும் வேட்டியும் வாங்கும்போது, நெய்தவரின் பெயரைக் கேட்டு ஒரு சிறு அட்டையில் எழுதித் துணியோடு வைத்துக் கொடுக்கலாம். மிக நெருங்கிய ஒருவருக்கு மட்டும் ஆறன்முளைக் கண்ணாடி பொருத்தமாக இருக்கும். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய உலோகக் கண்ணாடி அது, அஷ்டமங்கலப் பொருள்களில் வைக்கப்படுவது. தலைமைச் செயலகத்துக்கு அருகிலுள்ள எஸ்.எம்.எஸ்.எம். கைவினை நிலையத்தில் கண்ணாடியையும் தாழம்பாய், தேங்காய்ச் சிரட்டைப் பொருள்களையும் பார்த்து வாங்கலாம்.

தாம்பூலப் பை எல்லோருக்கும் பொது. அதில் பிளாஸ்டிக் வேண்டாம். கேரளத்தில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. துணிப்பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு ஒரு சிறு புத்தகமோ காய்கறி விதைப் பொட்டலமோ சேர்த்தால் போதுமானது.

எந்தப் பரிசோடும் ஒரு கடிதம் போக வேண்டும், அதுவும் கையால் எழுதியது. "வருகைக்கு நன்றி" என்று அச்சடித்த அட்டை யாரையும் தொடாது. நன்றி நோட்டின் நான்காவது கட்டத்தை எடுத்து எழுதினாலே கடிதம் ஆகிவிடும். மாமாவுக்கு இப்படி:

"அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம். முகூர்த்தத்துக்கு முதல்நாள் ராத்திரியே நீங்க தோவாளைக்கு வண்டி எடுத்துட்டுப் போய், பூ வாங்கி, தூங்காமத் திரும்பி வந்தீங்கன்னு அம்மா அப்புறம்தான் சொன்னா. மாலை போட்டப்ப தண்ணீர்த் துளிகூட உலராம இருந்தது. அந்தப் படத்தை இதோட வச்சிருக்கேன்."

சமையல் பொறுப்பாளருக்கு இப்படி:

"ஐயா, வணக்கம். எதிர்பார்த்ததைவிட நூறு பேர் கூடுதலாக வந்தும் ஒருவர்கூடப் பாயசம் இல்லாமல் எழுந்திருக்கவில்லை. என் தாத்தா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்."

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு அஞ்சல் துறையின் 'மை ஸ்டாம்ப்' திட்டம் இருக்கிறது. கொடுக்கும் படத்தைத் தபால்தலையோடு சேர்த்து, ஒரு தாளில் 12 தலைகளாக அச்சிட்டுத் தருவார்கள். புளிமூட்டிலுள்ள தலைமை அஞ்சலகத்தில் விசாரிக்கலாம். எல்லோரும் நிற்கும் குழுப்படத்தைக் கொடுத்தால் தபால்தலை அளவில் முகம் தெரியாது. ஊஞ்சலில் உட்கார்ந்த மணமக்கள் படம் போதும்.

எப்போது எதைச் செய்வது

கல்யாணத்தன்று இரவு பூவை எடுத்துவைத்து, பட்டை நிழலில் விரிக்க வேண்டும். முதல் வாரத்தில் அத்தையும் உதவியாளரும் உட்கார்ந்து நன்றி நோட்டின் விடுபட்ட பெயர்களை நிரப்ப வேண்டும். மறதி வேகமாக வரும். முதல் மாதத்துக்குள் கடிதங்கள், தொழிலாளர்களின் படங்கள், பாட்டியின் குரல்பதிவு. 45 நாளுக்குள் பதிவு. மூன்று மாதத்துக்குள் வன்தட்டும் இரண்டு நகல்களும்.

அதன்பின் ஆடி. தமிழர் வீட்டில் ஆடியிலும் மலையாளி வீட்டில் கர்க்கடகத்திலும் கல்யாணம் வைப்பதில்லை. வெளியே மழை கொட்டும், மண்டபங்கள் ஓய்ந்திருக்கும், உறவினர்கள் வீட்டில் கிடைப்பார்கள். நூறு படத்துக்கும் பெயர் எழுத இதைவிடத் தோதான காலம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை அழைத்து, படங்களைத் தொலைக்காட்சியில் பெரிதாகக் காட்டி, ஒருவர் தமிழிலும் ஒருவர் மலையாளத்திலும் எழுதிக்கொண்டால் மாலைக்குள் முடிந்துவிடும். கூடவே சுவரில் தொங்கும் பழைய படத்தையும் இறக்கி வைத்தால், பின்வரிசைக்காரரை அடையாளம் தெரிந்த யாராவது அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும். பட்டுப் பெட்டியை மட்டும் அந்த மாதத்தில் திறக்க வேண்டாம். அதற்குத் தை, மாசி. ஜனவரியின் வறண்ட காற்றில் புடவையைப் பிரித்து, மாற்றி மடித்து, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டிருந்தால் அவற்றையும் புதிதாக்கி வைக்கலாம்.

நன்றி நோட்டில் பாதிப் பக்கங்கள் மிச்சமிருக்கும். அதைப் பரணில் போடாமல், அடுத்து கல்யாணம் வைத்திருக்கும் தம்பி வீட்டுக்கோ சித்தி பெண் வீட்டுக்கோ கொடுத்தனுப்ப வேண்டும். சமையல்காரரின் எண், மேளக்காரரின் ஊர், ராத்திரி பூவுக்குப் போன மாமாவின் பெயர் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.